கேசட், டிஸ்க், கன்சோல் பத்திரம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறைச் சுவர் முழுக்க வீடியோ கேம்கள்தான். பழைய மஞ்சள் கேசட்டில் தொடங்கி பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் மெஷின், அதாவது கன்சோல்) டிஸ்க் வரை இருக்கிறது. இது ஊருக்குத் தெரிந்துபோனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒரு கட்டைப் பையோடு வந்து நிற்கிறார்கள். பைக்குள் கீறல் விழுந்த டிஸ்க்கோ, ஓடாத கேசட்டோ, ஊதிப் பெருத்த பேட்டரியோ இருக்கும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. சொன்னதையே சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைக் காட்ட வசதியாக எண் போட்டிருக்கிறேன்.

1. பிளாஸ்டிக்தானே அண்ணா, இதுக்கு என்ன பெரிய பராமரிப்பு?

பிளாஸ்டிக் வெறும் ஓடு. கேசட்டுக்குள் மெஷினைத் தொட்டு இணைக்கும், உலோகம் பூசிய செம்புப் பற்கள், டிஸ்க்குக்குள் தலைமுடியைவிட மெல்லிய அலுமினியப் படலம், கவரில் காகிதம், பசை, சிலவற்றில் பட்டன் பேட்டரி என்று ஐந்தாறு பொருள்கள் சேர்ந்துதான் ஒரு கேம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும். பற்களை ஈரம் கெடுக்கும், காகிதத்தை வெயிலும் பூச்சியும் கெடுக்கும், பேட்டரி தானாகவே கெடும்.

பிஎஸ்2 ஜப்பானில் வந்தது 2000-இல். 2013 தொடக்கத்தோடு தயாரிப்பே நின்றுவிட்டது. இனி அதற்கு யாரும் புது டிஸ்க் அச்சடிக்கப் போவதில்லை. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

2. எங்க வெச்சா நல்லது? இப்போ பரண்ல ஒரு அட்டைப்பெட்டியில கிடக்கு

முதல் வேலையாகப் பரணிலிருந்து இறக்குங்கள். சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, கான்கிரீட் தளத்தை ஒட்டிய பரண் அதைவிடச் சூடாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள், தளம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். ஓட்டு வீடு, சிமென்ட் ஷீட் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். அந்தச் சூட்டில் பசை இளகும், டிஸ்க் வளையும், பேட்டரி சீக்கிரம் சாகும். அட்டைப்பெட்டி கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் வைத்த படையல்.

வெயில் நேராகப் படாத அறையில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டு போதும். தரையிலிருந்து ஓரடியாவது உயரம் இருக்கட்டும். டிஸ்க் கவர்களைப் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கும், நடுவில் டிஸ்க்கைப் பிடிக்கும் பல் உடையும். நிறுத்தினாலும் திணிக்கக் கூடாது. ஒரு விரலால் இழுத்தால் வரும் அளவுக்கு இடம் விடுங்கள்.

3. கேசட்டை ஊதிப் போட்டா ஓடுதே, அப்புறம் ஏன் ஊதக்கூடாதுங்கறீங்க?

ஓடுவது ஊதியதால் அல்ல. கழற்றி மறுபடி செருகும்போது பற்கள் உரசிப் புது இடத்தில் தொடுகின்றன, அதனால்தான் ஓடுகிறது. ஊதாமல் இரண்டு தடவை கழற்றிச் செருகிப் பாருங்கள், அப்போதும் ஓடும். ஊதும்போது எச்சில் ஈரம் பற்களில் படிகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து வருஷம் கழித்துத் திறந்தால் பச்சைப் பாசி மாதிரி களிம்பு பூத்திருக்கும். ஊதாதீர்கள் என்று நின்டென்டோ கம்பெனியே எச்சரித்திருக்கிறது. நாம்தான் கேட்கவில்லை.

4. சரி, ஊதலைன்னா எதால துடைக்கிறது? வீட்டுல ஸ்பிரிட் இருக்கு, சானிடைசர் இருக்கு

இரண்டும் வேண்டாம். சானிடைசரில் கிளிசரினோ ஜெல்லோ கலந்திருக்கும், அது பற்களில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சில சரக்கும் சேர்ந்திருக்கும். மொபைல் சர்வீஸ் கடைகளில் பயன்படுத்தும் ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம் என்று எழுதியது, சின்ன பாட்டிலாகக் கிடைக்கும். அதுதான் சரி. அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் திறக்காதீர்கள், குப்பென்று பிடிக்கும்.

காது குடையும் பட்ஸை அதில் நனைத்து, உதறி, பற்களின்மேல் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் பஞ்சு மாட்டும். முதல் பட்ஸ் கன்னங்கரேலென்று வரும். இரண்டாவது சாம்பல் நிறம். நான்காவது ஐந்தாவது வெள்ளையாகவே திரும்பி வந்தால் நிறுத்திவிடலாம். ஐந்து நிமிஷம் காய விட்டு அப்புறம் செருகுங்கள். ஸ்டிக்கர்மேல் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, மை கரைந்து வழியும்.

உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் நார், பித்தளைப் பாலிஷ் எல்லாம் ஒரு தடவை பளபளப்பாக்கும், பூச்சை எடுத்துவிட்டுப் போகும். அழிரப்பர் கொஞ்சம் விவாதத்துக்குரியது. ஆல்கஹாலுக்கு மசியாத களிம்புக்கு மட்டும், வெள்ளை ரப்பரால் மெதுவாக இரண்டு இழுப்பு இழுப்பேன். அதற்குமேல் போக மாட்டேன்.

5. '99999 இன் 1'னு மஞ்சள் கேசட் ஒண்ணு இருக்கு. இதெல்லாம் வெச்சிருக்கிற அளவுக்கு வொர்த்தா?

விற்கப்போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் கன்சோலைப் பார்த்துக் காப்பியடித்த மெஷின்களுக்கு, காப்பியடித்துச் செய்த கேசட் அது. கேசட்டின் மேலோட்டைத் திறந்தால் பச்சை போர்டின் நடுவே கறுப்பாக ஒரு தார்ச் சொட்டு இருக்கும், அதற்கடியில்தான் சிப். மெனுவில் ஆயிரக்கணக்கில் ஓடினாலும் உள்ளே இருப்பவை சில கேம்கள்தான், பெயரை மாற்றி மாற்றிக் காட்டும்.

ஆனாலும் நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் மாரியோவையும் கான்ட்ராவையும் பார்த்தது இதில்தான். லீவு விட்டால் ஒரு டிவி முன்னால் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த காலத்தின் சாட்சி அது. பராமரிப்பு 4-ஆம் பதில் மாதிரியேதான். ஒரே வித்தியாசம், இவற்றில் பூச்சு மட்டம், அதனால் ரப்பரே வேண்டாம்.

6. டிஸ்க்கை பனியன் துணியால வட்டமா துடைக்கிறேன், சரிதானே?

துணி பரவாயில்லை, வட்டம்தான் தப்பு. டிஸ்க்கில் தகவல் வட்டமாகச் சுற்றிப் பதிந்திருக்கிறது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கும்போது கீறினால் அந்தக் கீறல் தகவலைக் குறுக்கே ஒரு நொடி வெட்டும், கன்சோல் அதைச் சமாளித்துக்கொள்ளும். வட்டமாகக் கீறினால் ஒரே தடத்தை நீளமாக அழிக்கும், அதைச் சமாளிக்க முடியாது.

விரல் ரேகை, எண்ணெய் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசி, உதறி, கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். தட்டுவடை செட் சாப்பிட்ட கையோடு டிஸ்க்கைத் தொடாமல் இருந்தால் இந்த வேலையே பாதி மிச்சம்.

7. கீறலுக்கு டூத்பேஸ்ட் தேய்ச்சா போயிடும்னு யூடியூப்ல காட்டறாங்களே?

எட்டாவது படிக்கும்போது நானும் தேய்த்தேன். பிஎஸ்1 டிஸ்க், அடியில் கறுப்பாக இருக்குமே, அது. ஒரு கீறல் போய் நூறு மெல்லிய கீறல் வந்தது. இன்றும் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட.

கீறல் எங்கே இருக்கிறது என்பதைவிட அது எந்த வகை டிஸ்க் என்பதுதான் முக்கியம். சிடியும் டிவிடியும் 1.2 மில்லிமீட்டர் தடிமன். சிடியில் தகவல் மேல்பக்கம், படம் அச்சடித்த பக்கத்துக்கு நேர் கீழே இருக்கிறது. அதனால் அடியில் விழும் சிறு கீறலைவிட மேல்பக்கக் கீறல் ஆபத்து, பேனாவால் பெயர் எழுதுவதும் ஆபத்து. டிவிடியில் இரண்டு தகடுகளின் நடுவே தகவல் ஒளிந்திருக்கிறது. இந்த இரண்டையும் நல்ல மெஷினில் அடிப்பக்கத்தை மெல்லிசாகச் சீவி மெருகேற்ற முடியும். பிஎஸ்1, பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்குகள் இந்த இனம்.

பிஎஸ்3 தொடங்கி இன்றுவரை பிளேஸ்டேஷன் டிஸ்க்குகள் ப்ளூரே. அதில் தகவல் அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதைக் காக்கத்தான் கடினமான ஒரு பூச்சு போட்டிருக்கிறார்கள். சீவினால் பூச்சு போகும், தகவலும் சேர்ந்து போகும். ஊரில் ஒரு கடையில் 'எல்லா டிஸ்க்கும் பாலிஷ்' என்று போர்டு பார்த்து, நண்பர் ஒருவர் பிஎஸ்4 டிஸ்க்கைக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வந்தது. எந்த மெஷினும் அதைப் படிக்கவில்லை.

8. டிஸ்க்கை லைட்டுல பிடிச்சா பொட்டுப் பொட்டா ஓட்டை தெரியுது. பூச்சி அரிச்சதா?

பூச்சி இல்லை. உள்ளே இருக்கும் அலுமினியப் படலம் காற்று பட்டு ஆக்ஸைடாகிவிட்டது. மேல்பூச்சு கீறியிருந்தாலோ, விளிம்பு வழியாக ஈரம் புகுந்தாலோ இப்படி ஆகும். இதற்கு வைத்தியம் கிடையாது. இன்னும் படிக்கிறது என்றால் அன்றைக்கே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், சட்ட விஷயம் 20-ஆம் பதிலில் இருக்கிறது. பழைய டிஸ்க் வாங்கும்போதும் இப்படி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

9. காலேஜ் படிக்கறப்ப முப்பது ரூபாய்க்கு வாங்கின பிஎஸ்2 டிஸ்க் ஒரு பவுச் நிறைய இருக்கு. அது?

அவை அச்சடித்தவை அல்ல, எரித்தவை. அச்சடித்த டிஸ்க்கில் தகவல் பள்ளமாக இருக்கிறது. எரித்ததில் சாயத்தில் இருக்கிறது. சாயம் வெயிலுக்கு வெளுக்கும், சூட்டுக்கு மங்கும். பாதி ஏற்கெனவே ஓடாது என்று நினைக்கிறேன், போட்டுப் பாருங்கள். ஓடாததற்காக லென்ஸைப் போட்டு வதைக்காதீர்கள்.

10. எங்க வீடு ஏற்காட்டுல. பீரோவைத் திறந்தா கவர் எல்லாம் வெள்ளையா பூத்துப்போய் கிடக்கு. என்ன பண்றது?

எனக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. பெரியம்மா வீடு நாகலூர் போகும் வழியில், காப்பித் தோட்டத்துக்கு நடுவில். இங்கே வெயில் என்று பயந்து, குளிர்ச்சியான இடமாச்சே என்று முப்பது கேம்களை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு அங்கே கொண்டுபோய் வைத்தேன். ஆடியில் வைத்தது, தையில் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் ஈரச்சாக்கு வாசனை. கையேடுகளின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு கவரில் படத்திலிருந்த ஆளின் முகத்தில் மட்டும் தாடி மாதிரி பூசணம்.

1,500 மீட்டர் உயரத்தில் குளிர் இருக்கிறது, கூடவே மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணத்துக்கு அது போதும். நமக்கு வேண்டியது 40-லிருந்து 50. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள். குத்துமதிப்பாகச் சொல்வதைவிட அது சொல்வதை நம்பலாம்.

பூத்ததைச் சுத்தம் செய்ய, மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே எடுத்து வாருங்கள். வீட்டுக்குள் தட்டினால் வித்து எல்லா இடத்துக்கும் பரவும். பூத்தவற்றை நல்லவற்றிலிருந்து பிரியுங்கள். பிளாஸ்டிக் கவரை 4-ஆம் பதிலில் சொன்ன ஆல்கஹாலால் துடைக்கலாம், டிஸ்க்கை 6-இல் சொன்ன மாதிரி அலசலாம். காகிதத்தை நனைக்கக் கூடாது. நிழலில், ஃபேன் காற்றில் நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கறை நிற்கும். அதோடு சமாதானமாகிவிடுங்கள்.

இனி பூக்காமல் இருக்க, ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பாவும் ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் அரை கிலோவும் போதும். ஆரஞ்சு நிறத்தில் வரும் வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. ஆரஞ்சு பச்சையாக மாறினால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். சமையல் வாணலியில் வறுக்காதீர்கள். வசதி இருப்பவர்கள் கேமரா வைக்கும் டிரை கேபினட் வாங்கலாம். மலையில் இருப்பவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை.

11. அரிசிக்குள்ள போட்டா ஈரம் இழுக்குமாமே? அந்துருண்டை போட்டா பூச்சியும் வராது

அரிசி சோறாக்க நல்லது. ஈரம் இழுப்பதில் சிலிக்கா ஜெல் பக்கத்தில் நிற்காது. மாவும் தூசும் வேறு சந்து பொந்தெல்லாம் போகும்.

அந்துருண்டை கண்டிப்பாக வேண்டாம். நாப்தலின் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். சிடி கவர்களில் இருக்கும் பாலிஸ்டைரீன் அதில் ஒன்று. உருண்டை பட்ட இடம் பிசினாகிக் கவரும் உருண்டையும் ஒட்டிக்கொண்ட கதையெல்லாம் உண்டு. வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்ததைப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் நீங்களே ஈரத்தை உள்ளே வைத்த மாதிரி. பூச்சிக்கு நல்ல மருந்து மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி அடுக்குவதுதான்.

12. லீவுக்கு ஏற்காட்டுக்கு பிஎஸ்4 எடுத்துட்டுப் போறோம். வழியில எதுவும் ஆகாதில்ல?

டிஸ்க்கை உள்ளே விட்டுவிட்டு எடுத்துப் போகாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அது உள்ளே ஆடிக்கொண்டே வரும். துணியில் சுற்றி, இருக்கைமேல் வைத்து பெல்ட் போடுங்கள். காரை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் டிஸ்க்குகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மேலே ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். விடியற்காலைக் குளிரில் கிளம்பி, சேலத்துப் புழுக்கத்தில் வந்து பையைத் திறந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி உள்ளே வேர்க்கும். பையை மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டு, அப்புறம் எடுத்து கரன்ட் கொடுங்கள்.

13. எங்க வீட்டோட தறி இருக்கு. பிஎஸ் ஃபேன் ஃப்ளைட் மாதிரி கத்துது

இது எங்கள் தெருவுக்கே உரிய வியாதி. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் வந்த கன்சோல்களைத் திறந்தால் உள்ளே தூசு இருக்காது, பஞ்சு இருக்கும். ஒரு பிஎஸ்4-ஐத் திறந்தபோது சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின்மேல் சின்னத் தலையணை உறை மாதிரி ஒரு பஞ்சுப் படலம், நுனியைப் பிடித்து இழுத்தால் முழுசாகக் கழன்று வந்தது. அதில் ஊதா நூலும் கலந்திருந்தது, அந்த வாரம் என்ன சேலை ஓடியது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

தறி வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளித்துவாரங்களையும், வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து உள்ளேயும் சுத்தம் செய்யுங்கள். கேமரா பிளோயர் போதும். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் ஃபேன் கெடும். ஓடாத நேரத்தில் ஒரு பருத்தித் துணியால் மூடி வையுங்கள். ஓடும்போது மூடிவிடாதீர்கள், அதையும் செய்தவர் உண்டு.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டோடு வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பட்டறையின் அமில ஆவி கேசட் பற்களை அரிக்கும். கேம்கள் இருக்கும் அறை பட்டறைக்கு எதிர்க்கோடியில் இருக்கட்டும்.

14. ஆயுத பூஜைக்கு அம்மா கன்சோலுக்கு சந்தனம், குங்குமம் வெச்சுட்டாங்க. கறை போகல

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள், மரியாதையாக வைத்த பொட்டு. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் குங்குமச் சாயம் இறங்கிவிட்டால் முழுசாகப் போகாது. சோப்புத் தண்ணீர், அப்புறம் ஆல்கஹால், அதோடு விட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் ஒரு தாளை ஒட்டி அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். சாம்பிராணிப் புகை மட்டும் கன்சோல் பக்கம் வேண்டாம். லென்ஸில் படிந்தால் டிஸ்க் படிக்காது.

15. கவர் கிழியாம இருக்க லேமினேஷன் பண்ணிடலாமா? பழைய விலை ஸ்டிக்கரை எப்படி எடுக்கறது?

லேமினேஷன் ஒருவழிப் பாதை. சூட்டில் மை மாறும், பிரிக்கவே முடியாது. அட்டை டப்பாக்களுக்கு ஒளி ஊடுருவும் உறை கிடைக்கிறது. பாலிப்ரொப்பிலீன் அல்லது பெட் பிளாஸ்டிக்கா என்று கேட்டு வாங்குங்கள். மெத்தென்று வாசனை அடிக்கும் பிவிசி உறை நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் கவரோடு ஒட்டும்.

பிளாஸ்டிக் கவரில் ஒட்டிய ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் பத்து நிமிஷம் ஊற விட்டுத் தேய்த்தால் வந்துவிடும், பிறகு சோப்புத் துணி. அட்டை டப்பாவில் எண்ணெய் பட்டால் வடை சுற்றிய பேப்பர்தான், அங்கே ஹேர் டிரையரின் லேசான சூடு. ஆனால் எம்ஆர்பி, இறக்குமதி மாதம் எழுதிய ஸ்டிக்கரை நான் எடுக்க மாட்டேன். இது நம் நாட்டில் விற்ற பிரதி என்பதற்கு அதுதான் அத்தாட்சி. 2009-இல் இந்தியாவிலேயே செய்து பிஎஸ்2-க்கு வந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' என்னிடம் இருக்கிறது. கேம் சுமார்தான், ஸ்டிக்கரோடு வைத்திருக்கிறேன்.

16. போக்கிமான் கேசட்ல சேவ் பண்ணினா அடுத்த நாள் காணோம். கேசட் செத்துடுச்சா?

கேசட் நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. நின்டென்டோவின் கையடக்க மெஷினான கேம்பாயின் பழைய கேசட்டுகள் பலவற்றில் சேவ் நிற்பது 3 வோல்ட் பேட்டரியின் தயவில். போக்கிமானில் கோல்டு, சில்வர் என்ற கேசட்டுகளில் அதே பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டுகிறது, அதனால் சீக்கிரம் தீரும். பின்னால் வந்த ரூபி, சஃபையர் கேசட்டுகளில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். 'பேட்டரி தீர்ந்தது' என்று திரையில் வந்தாலும் சேவ் பத்திரமாக இருக்கும், பதற வேண்டாம்.

மாற்ற வேண்டுமானால், சேவ் இன்னும் உயிரோடு இருந்தால் முதலில் அதை நகலெடுங்கள். கழற்றிய நொடியில் போய்விடும். திறக்க 3.8 மில்லிமீட்டர் தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும், கேம்பாய் அட்வான்ஸுக்கு மூன்று முனை ஸ்க்ரூடிரைவர். காது வைத்த பேட்டரியாகவே வாங்கி ஈயப்பற்று வையுங்கள். செல்லோடேப் ஒட்டித் தரும் கடையில் கொடுக்காதீர்கள், சூட்டில் இளகி மறுபடி அதே கதை. பேட்டரிமேல் எந்த எண் இருக்கிறதோ அதே எண்.

17. ஓரமா எடுத்து வெச்சிருக்கிற கன்சோல்ல என்னத்தைக் கவனிக்கணும்?

பேட்டரியைத்தான். ரிமோட், கன்ட்ரோலரில் போட்ட சாதாரண செல்களை எடுத்துவிடுங்கள், ஒழுகினால் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். பிஎஸ்பி மாதிரி கையடக்க மெஷின்களின் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்துத் தனியாக எடுத்து வையுங்கள். ஊதியிருந்தால் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். மின்கழிவு வாங்குபவரிடம் சேருங்கள்.

2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே திறக்க வேண்டும். கடைசிப் பதிப்பைத் தவிர மற்றவற்றில் கடிகாரத்துக்கென்று வைத்த, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் ஒழுகி போர்டையே அரிக்கும். அதை எடுத்துவிட்டாலும் மெஷின் ஓடும், தேதி மட்டும் நிற்காது.

பிஎஸ்4-க்குள்ளும் ஒரு பட்டன் பேட்டரி உண்டு. அது தீர்ந்து, இன்டர்நெட்டும் இல்லாவிட்டால் டிஸ்க் கேம்கூட ஓடாத ஒரு வினை முன்பு இருந்தது. 2021-இல் வந்த 9.00 அப்டேட்டில் சரியானது. பரணில் தூங்கும் பிஎஸ்4-ஐ ஒரு தடவை நெட்டில் இணைத்து அப்டேட் செய்துவிட்டுத் தூங்க விடுங்கள்.

18. அமெரிக்காவுல இருந்து மாமா பிஎஸ்2 கொண்டுவந்தாரு. நம்ம பிளக்ல போட்டதும் டப்புன்னு சத்தம், அவ்வளவுதான்

அது 120 வோல்ட் மெஷின். நம்முடையது 230. பின்னால் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் செருகாதீர்கள். பெரும்பாலும் பவர் பகுதிதான் போயிருக்கும், மாற்றிவிடலாம். பிறகும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க பிஎஸ்2 இந்தியாவில் விற்ற டிஸ்க்கை ஏற்காது, பிஎஸ்1, பிஎஸ்2 இரண்டும் பிராந்தியப் பூட்டு போட்டவை. பிஎஸ்3-இலிருந்து அந்தத் தலைவலி டிஸ்க் கேம்களில் அநேகமாக இல்லை.

மலைக்காரர்களுக்கு: இடி கேட்டால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் கேபிளையும் பிடுங்குங்கள்.

19. ஆன்லைன்ல கேம்பாய் அட்வான்ஸ் கேசட் ஐந்நூறு ரூபாய்க்கு வந்துச்சு. ஒரிஜினலா?

பற்கள் தெரியும் வாயைச் சாய்த்து உள்ளே பாருங்கள். ஒரிஜினல் போர்டில் பற்களுக்குச் சற்று மேலே நின்டென்டோ பெயர் அச்சாகியிருக்கும். ஸ்டிக்கரை வெளிச்சத்தில் சாய்த்தால் மையில்லாமல் அழுத்திய ஒரு எண் தெரியும். இரண்டும் இல்லையென்றால் போலி. போலியில் விளையாடலாம், சேவ் நிற்கும் என்று நம்ப வேண்டாம். விற்கும்போது போலி என்று சொல்லி விற்பது உங்கள் மனசாட்சி.

20. நம்மகிட்ட இருக்கிற கேமை நகல் எடுத்து வெச்சா சட்டப்படி தப்பா?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாகக் கணினி நிரல் வைத்திருப்பவர் அது தொலைந்தால், சேதமானால் என்று தற்காலிகப் பாதுகாப்புக்காக நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. நான் வக்கீல் இல்லை. என் வழக்கம் இது: நகல் என் ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கும், யாருக்கும் கொடுப்பதில்லை, கேமை விற்றால் நகலை அழித்துவிடுவேன்.

21. அப்போ இரவல் கேட்டா?

டிஸ்க்கைக் கொடுக்கலாம், அது உங்கள் பொருள். ஒரு நோட்டில் பெயர், தேதி, கையேடு உள்ளே இருக்கிறதா என்று எழுதுங்கள். கொடுக்கும் முன் டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் போனில் ஒரு படம். சொந்தக்காரர் ஆயிற்றே என்று நோட்டில் எழுதாமல் கொடுத்த நான்கு கேம்கள் ஆத்தூரிலும் ஓமலூரிலும் எங்கேயோ இருக்கின்றன.

22. புது டிஸ்க் வாங்கினாலும் டவுன்லோட் பண்ணச் சொல்லுது. அப்புறம் டிஸ்க் எதுக்கு?

நியாயமான கோபம். சில டிஸ்க்குகளில் முழு கேம் இருக்கிறது, சிலவற்றில் பாதி. 2025 ஜூனில் வந்த நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு விற்கும் கேம்-கீ கார்டுகளில் கேமே இல்லை, சாவி மட்டும்தான். கவரின் முன்பக்கத்திலேயே அது எழுதியிருக்கும், படித்து வாங்குங்கள். டவுன்லோட் கடைகளும் நிரந்தரமில்லை. நின்டென்டோ 3டிஎஸ், வீ யூ மெஷின்களுக்கான டவுன்லோட் கடைகளில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது, எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். முழு கேமும் உள்ள டிஸ்க், கார்டுகளைத்தான் நான் முதலில் சேர்க்கிறேன்.

குழந்தை இருக்கும் வீடா? ஸ்விட்ச் கார்டை விழுங்கிவிடாமல் இருக்கக் கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள். வேப்பங்காய் தோற்கும். நான் நக்கிப் பார்த்தேன், நீங்கள் பார்க்க வேண்டாம்.

23. சீல் பிரிக்காம அப்படியே வெச்சாதானே மதிப்பு? விளையாடினா தேயுமில்ல?

விற்பதற்காக வைப்பவருக்கு அது சரி. அப்போதும் சேலத்துச் சூட்டில் மேல் பிளாஸ்டிக் சுருங்கி இறுகும், அட்டை டப்பாவின் ஓரத்தை வளைக்கும். அதனால் 2-ஆம் பதில் அதற்கும் பொருந்தும். ஆனால் உள்ளே டிஸ்க் 8-இல் சொன்ன மாதிரி பொட்டு விழுந்திருக்கிறதா, கழன்று ஆடிக் கீறியிருக்கிறதா என்று பிரிக்காமல் தெரியாது. லேசர் டிஸ்க்கைத் தொடுவதில்லை, ஒழுங்காக ஓடும் மெஷினில் டிஸ்க் தேயாது. மோட்டாரும் லென்ஸும் தேயும்தான், ஆனால் வருஷக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் அவற்றின் மசகு இறுகிவிடுகிறது. நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மெஷினையும் அரை மணி நேரமாவது ஓட்டுகிறேன்.

என்னிடமும் சீல் பிரிக்காத பிஎஸ்2 கிரிக்கெட் கேம் ஒன்று பதினாறு வருஷம் இருந்தது. போன மே மாதம் தங்கச்சி பையன் லீவுக்கு வந்தவன், "இதுல தோனி இருக்காரா மாமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பிளேடால் ஓரத்தைக் கீறிப் பிரித்தோம். டிஸ்க் பொட்டில்லாமல் இருந்தது. இரவு இரண்டு மணிக்குக் கரன்ட் போகும்வரை ஆடினோம். மெமரி கார்டில் இப்போது அவன் பெயரில்தான் சேவ் இருக்கிறது.